ஞாயிற்றுக்கிழமை நடையில் ஒரு புது ஆள்

மாரிசாமிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் டாக்டர் அவரை நன்றாக மிரட்டி அனுப்பினார். நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலுக்கு ஆபத்து என்றார். மைசூர் நஞ்சுமளிகையில் அரிசிக்கடை வைத்து, மூட்டைக்கும் தராசுக்கும் நடுவிலேயே உடம்பை வளர்த்த மனிதர் அவர். தனியாக நடக்கச் சொன்னால் தெருமுனை ஹோட்டல் வரைக்கும் போய், செட் தோசை தின்றுவிட்டுத் திரும்பி வருவார். கடையில் மாதாமாதம் அரிசி வாங்கும் பசவராஜ், காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர், ஒருநாள் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு வாங்க மாரிசாமியவரே. ஏரி வரைக்கும் போவோம். பேசிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது" என்றார். மாரிசாமி தலையை ஆட்டிவிட்டார்.

அவர் மனைவி கமலம்மாளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, அந்த மாஸ்டருக்கு நம்ம மேல என்ன அத்தனை கரிசனம்? அரிசி வாங்க வந்தவரு அரிசிய வாங்கிட்டுப் போகோணும். நம்மளக் கூட்டிட்டுப் போயி ஏரியக் காட்டோணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?"

"புள்ள, நடக்கறதுக்குத்தானே கூப்புடறாரு. கிணத்துல தள்ளவா கூப்புடறாரு?"

"தள்றவன் சொல்லிட்டா தள்ளுவான்?"

கமலம்மாள் இப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் இருவருக்கும் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கத்து ராமாபுரம், தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப்புறம் காட்டை ஒட்டிய ஊர். கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவர்கள். இத்தனை வருஷத்தில் இங்கே யாரும் அவர்களை வேற்று ஆளாக நினைத்ததில்லை, போன டிசம்பர் வரைக்கும். காவிரித் தண்ணீர் விஷயமாகக் கலவரம் வந்த அந்த நாட்களில், கடையின் பெயர்ப்பலகையில் ஓரமாக இருந்த தமிழ் எழுத்துக்காக யாரோ பலகையையே பிடுங்கிப் போட்டு மிதித்தார்கள். ஷட்டர் மேல் கல் விழுந்தது. வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கமலம்மாள் அதை நம்பவில்லை. அடுத்தடுத்து நாலு கடை இருக்கிற தெருவில், எந்தக் கடை தமிழருடையது என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? யாரோ கை காட்டியிருக்கிறார்கள். அந்தக் கை யாருடையது என்பதுதான் அன்றிலிருந்து அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறிக்காரி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று யோசித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் தேடினாள். கணவரோடு ரோட்டில் போகும்போது தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் மாரிசாமி நடைக்குப் போனார். போனவர், ஆச்சரியமாக, அதில் ஒட்டிக்கொண்டார்.

இருபது பேருக்குக் குறையாமல் சேர்வார்கள். வித்யாரண்யபுரம் கடைசி பஸ் ஸ்டாப்பில் கூடி, ஊரைத் தாண்டி ஹுணசேகட்டே என்கிற சின்ன ஏரிக்குப் போவார்கள். கரையைச் சுற்றி, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயோடு கொஞ்சதூரம் மேலே ஏறித் திரும்புவார்கள். பிறகு ஆலமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பேச்சு. ஒரு வாரம் கொக்கும் நாரையும். ஒரு வாரம் கரையில் முளைக்கிற பச்சிலைகள். இந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே வழிந்து, எப்படிக் கபினியில் போய்ச் சேர்கிறது, கபினி திருமகூடலில் காவிரியோடு எப்படிக் கலக்கிறது என்று ஒரு வாரம். மேலே இருக்கிற ஏரிகளும் ஓடைகளும் செத்துப்போனால் கீழே ஆறு என்று ஒன்று இருக்காது என்பது பசவராஜ் ஓயாமல் சொல்வது. அதற்காகத்தான் இந்த நடையே.

ஏரியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு மரக்கோலை நட்டுவைத்திருந்தார்கள். வாராவாரம் தண்ணீர் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை மாரிசாமியிடம் வந்து சேர்ந்தது. வாழ்நாள் முழுக்கத் தராசு முள்ளைப் பார்த்த கண் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து பார்த்து, கரையைப் பார்த்து உரக்கச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை. வீட்டுக்கு வந்தும் அதைத்தான் பேசுவார்.

ஆனி மாதம் நல்ல மழை பெய்தது. ஊரெல்லாம் சாக்கடை வழிந்தது. ஆனால் ஏரியில் தண்ணீர் ஒரு பட்டைகூட ஏறவில்லை. எல்லோருமாகக் கால்வாயோடு மேலே ஏறிப் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரு லேஅவுட்காரர் மனைகள் பிரித்துக் கல் நட்டிருந்தார். அந்த இடத்தில் கால்வாய் இல்லை. டிப்பர் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டிச் சமமாக்கியிருந்தார்கள். அன்றைக்கே பசவராஜ், தாலூகா ஆபீசில் மனு கொடுத்துவிடலாம் என்று சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் புது ஆள் வந்தார்.

"கரியப்பன்னு பேரு. நல்ல மனுசன்" என்றார் மாரிசாமி வீட்டுக்கு வந்து. "என்ற கூடவே நடந்து வந்தாரு. கடை எங்க, ஊரு எங்க, புள்ளைங்க என்ன பண்ணுதுங்க, எல்லாம் விசாரிச்சாரு."

கமலம்மாள் அரைத்துக்கொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன்."

"ராமாபுரம்னு சொன்னீங்களா?"

"என்ற ஊரு ராமாபுரம்தானே?"

ராமாபுரம் என்ற பேரைக் கேட்டாலே ஆட்கள் ஒருதரம் நிமிர்ந்து பார்க்கிற வருஷம் அது. காட்டில் போலீசுக்கும் கடத்தல்காரர்களுக்கும் நடந்த சண்டை அந்தப் பக்கம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு விடிந்தபோது கமலம்மாளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு?"

"எனக்கும் சர்க்கரை வந்துட்டா என்ன பண்றது?" என்றாள்.

நடையில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த முகம் தேவம்மா மட்டும்தான். ஒரே மாவு மில்லில் வரிசை நிற்கிற பழக்கம். கணவரை இழந்தவள், வெள்ளைச் சிரிப்பு, ஓயாத பேச்சு. "கமலக்கா, நீங்களும் வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கமலம்மாள் அவளுக்குத் தலையாட்டிக்கொண்டே புது ஆளைத் தேடினாள்.

கரியப்பன் எல்லோருக்கும் கடைசியில் வந்தார். நாற்பது வயசிருக்கும். ஒட்ட வெட்டிய முடி. பசவராஜ் மரத்துக் கிளையில் ஒரு மீன்கொத்தியைக் காட்டினார். இருபது தலைகளும் மேலே பார்த்தன. கமலம்மாள் மேலே பார்க்கவில்லை, கரியப்பனைப் பார்த்தாள். அவரும் மேலே பார்க்கவில்லை. அவர் மாரிசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நகர்ந்து போய்க் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அதன் பிறகு அவள் ஒரு வாரம்கூட விடவில்லை. கரியப்பனுக்குப் பறவை வேண்டாம், செடி வேண்டாம், பேச்சு வேண்டாம். மாரிசாமி தண்ணீரில் இறங்கினால் மட்டும் கரையோரமாக வந்து நிற்பார். அவர் சொல்லும் அளவைக் காது கொடுத்துக் கேட்பார். வீடு எங்கே என்று தேவம்மா கேட்டதற்கு அசோகபுரம் என்றவர், இன்னொருவர் கேட்டபோது சாமுண்டிபுரம் என்றார். ஒருநாள் மதியம் கடைக்கு எதிரே பீடாக்கடையில் அவர் நிற்பதைக் கமலம்மாளே பார்த்தாள். கடைக்குள் வரவில்லை. எதிரே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. டிசம்பரில் கை காட்டிய ஆள் இவன்தான். இந்தத் தரம் கடையை மட்டும் விடமாட்டான். வீடு எது, ஊர் எது, எப்போது யார் தனியாக இருப்பார்கள், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறான். அடுத்த கலவரம் வரும்போது கல்லோடு நிற்காது.

பசவராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, புதிதாக வருகிறவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கித்தான் நிற்பார்கள். நீங்கள்கூட முதல் நாள் அப்படித்தான் நின்றீர்கள்."

அவர் அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னதும் கமலம்மாளுக்கு இன்னொரு சந்தேகம் எழுந்தது. இவரும் அவனோடு சேர்ந்தவரோ? நடை என்று கூட்டிக்கொண்டு வந்ததே இவர்தானே?

ஆடி கழிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிறு. ஆலமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மனு கொடுத்து இத்தனை நாளாகியும் பதில் இல்லை, இனி நேராகப் போய் உட்கார வேண்டியதுதான் என்று பசவராஜ் பேசிக்கொண்டிருந்தார். கரியப்பன் வழக்கம்போல ஓரமாக நின்றபடி, பக்கத்திலிருந்த மாரிசாமியிடம் மெல்லக் குனிந்தார். "மேட்டூருக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று அவர் கேட்டது கமலம்மாள் காதில் விழுந்தது.

மேட்டூரில் அவள் தம்பி இருக்கிறான். அவள் எழுந்து நின்றாள். இத்தனை பேர் நடுவில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"நீ யாரு?" என்று கன்னடத்திலேயே கேட்டாள். "என் புருஷனை ஏன் தோண்டித் தோண்டிக் கேக்கறே? உன்னை யார் அனுப்பினது? எந்தக் கடைக்குத் தீ வைக்கப் பாத்துட்டுப் போறே?"

கரியப்பன் முகம் கறுத்துவிட்டது. "சும்மா கேட்டேன்மா" என்றபடி நகரப் பார்த்தார். அந்த நகர்தல்தான் வினையாயிற்று. வாலிபர்கள் இரண்டு பேர் குறுக்கே போய் நின்றார்கள். ஒருவன் அவர் தோளைப் பிடித்தான். அவர் உதறினார். இழுபறியில் சட்டைப்பை கிழிந்து, ஒரு அட்டை புல்லில் விழுந்தது. தோளைப் பிடித்தவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பசவராஜிடம் நீட்டினான்.

"போலீஸ்" என்றார் பசவராஜ்.

கரியப்பன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். இத்தனை வாரமும் ஊமையாக நடந்த மனிதருக்கு அவமானத்தில் குரல் கிழிந்தது. "ஆமாம், போலீஸ்தான். ஆசைப்பட்டா இந்தச் சேற்றுல நடக்கறேன்? என்னை அனுப்பினது இவருக்காகத்தான்." அவர் விரல் மாரிசாமியை நோக்கி நீண்டது. "கேளுங்க அவரையே. வாராவாரம் தண்ணியை அளந்து யாருக்குச் சொல்லி அனுப்பறாருன்னு."

மாரிசாமி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கிளம்பும்போது, காலையில் அவரோடு பேசிக்கொண்டே வந்தவர்கள்கூட நாலடி தள்ளித்தான் நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாரிசாமி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவன் பாட்டுக்குப் பாத்து, ஒண்ணுமில்லேன்னு போயிருப்பான் புள்ள. நீ அவனக் கூட்டத்துல நிக்க வெச்சு அம்மணமாக்கிட்ட."

அவர் சொன்னது உண்மை என்று கமலம்மாளுக்கே பட்டது. இரண்டு நாள் கழித்து, ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

அவளும் கூடவே போனாள். ஸ்டேஷன் வாசலில் பசவராஜ் நின்றிருந்தார். "இவருக்கு யார் சொன்னார்கள்? நமக்கு முன்னாலேயே எப்படி வந்தார்?" என்று அவள் மனசு உடனே கணக்குப் போட்டது. கடையில் ஆள் வந்து கூப்பிட்டபோது பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஓடிப்போய்ச் சொன்னதாகப் பசவராஜ் சொன்னார். அவள் அதையும் பாதிதான் நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் வயசில் சின்னவர். மேஜைக்கு எதிரே மாரிசாமியை உட்காரச் சொன்னார். அதுவே கமலம்மாளுக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

"சொந்த ஊர் ராமாபுரம். இல்லையா?"

"ஆமாம் சார்."

"வாராவாரம் ஏரியில் இறங்கி அளவு பார்க்கிறீர்கள். அரிசிக்கடைக்காரருக்கு ஏரித் தண்ணீரின் அளவு எதற்கு?"

"மாஸ்டர் பாக்கச் சொன்னாரு சார். நானும் பாத்தேன்."

"மேட்டூர் டேமில் உங்கள் மச்சினர் இருக்கிறார். அவரிடம் இங்கத்து நிலவரத்தைச் சொல்லுவீர்களா?"

மாரிசாமி நெற்றியைத் துடைத்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் கமலம்மாளுக்கு மட்டும்தான் புரிந்தது. உன் தம்பியைப் பற்றி நான் எப்படிச் சொல்வது என்று கேட்டார் அவர்.

தம்பி ஜடையன் பேரைச் சொன்னால் கமலம்மாள் கழுத்து ஒரு சாண் நீளும். "என்ற தம்பி மேட்டூர் டேம்ல இருக்கறான்" என்பாள். அதற்கு மேல் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவன் அங்கே என்ன செய்கிறான் என்பதை அவள் வெளி மனிதர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"சார்" என்றாள். "என் தம்பி டேம்ல ஆபீசர் இல்லை. டேமுக்குக் கீழே பார்க் இருக்கு. அங்கே ஒரு கொட்டகையில வடை, பஜ்ஜி போட்டு விக்கறான். அணைக்குள்ள அவனை விடக்கூட மாட்டாங்க."

மூலையில் நின்ற கான்ஸ்டபிள் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. கமலம்மாளுக்குக் காது மடல் சூடாயிற்று. இந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருக்கத்தானே இத்தனை வருஷம் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றினாள்?

கூடவே உள்ளே வந்திருந்த பசவராஜ் அப்போதுதான் வாய் திறந்தார்.

"சார், அந்த ஏரித் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் நனையாது. வெயில் வந்தால் ஏரியைத் தாண்டி அடுத்த ஊருக்கே போகாத தண்ணீரை மேட்டூருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மழை பெய்தும் ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அளந்தோம். கண்டுபிடித்தோம். கால்வாயை மூடிவிட்டார்கள். மனு கொடுத்தோம். மனு கொடுத்த மறுவாரம் உங்கள் ஆள் எங்கள் பின்னால் நடக்கிறார். யார் வந்து சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை உருட்டினார். "பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து சொன்னால் நாங்கள் பார்க்காமல் விட முடியுமா, மாஸ்டரே? அங்கே அவருக்கும் நிலம் இருக்கிறது, அக்கறையாகச் சொல்கிறார் என்றுதான்..." அந்த வார்த்தையில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்ன வரைக்கும் போதுமாக இருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு, "போகலாம். ஆனால் அந்தக் கோலைக் கொஞ்சநாள் வேறு யாராவது பார்க்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் பசவராஜ் மாரிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "லேஅவுட்காரர்தான். நடையை உடைக்க அவருக்கு நீங்கள் அகப்பட்டீர்கள். ஒரு தமிழர், கையில் அளவுகோல். இதைவிட வேறென்ன வேண்டும்?"

மாரிசாமி தலையை ஆட்டினார். அவருக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது. கமலம்மாளுக்கு முடியவில்லை. லேஅவுட்காரரின் முகத்தை அவர்கள் யாரும் பார்த்தது கிடையாது. அவருக்கு மேட்டூர் எப்படித் தெரியும்? 'டேமில் இருக்கிறார்.' அது அவளுடைய வார்த்தை. அவள் சொல்கிற மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல்.

வழி முழுக்க யோசித்தாள். அவள் தமிழில் பெருமையடித்துக்கொண்ட சொந்தக்காரர்களைக் கணக்கிலிருந்து தள்ளினாள். தெருவில் யாரிடமும் அவள் வீட்டு விஷயம் பேசுவதில்லை. கன்னடத்தில், வெளி மனிதர் ஒருவரிடம், எப்போது சொன்னாள்? வீட்டு வாசலுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது ஞாபகம் வந்தது. மாவு மில். கரண்ட் போய்விட்டது. டப்பாக்களை வரிசையில் வைத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தேவம்மா தன் மகன் டிப்பர் ஓட்டுகிறான், கை நிறையச் சம்பாதிக்கிறான் என்று அளந்தாள். அதற்குச் சரியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று இவள் நாக்கு துறுதுறுத்தது. சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் தேவம்மா வீட்டுக்கு நேராகப் போனாள். தேவம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் பையன் யாருக்கு மண் அடிக்கறான்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

தேவம்மா கையில் ஈரப்புடவையோடு நின்றாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை.

"லேஅவுட்டுக்குத்தான் கமலக்கா. எந்த இடம்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு நாங்க எல்லாரும் மேலே போய்ப் பாத்தோமே, அப்பத்தான் தெரிஞ்சுது. அங்கே நின்ன வண்டி அவனோடது."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு எங்ககூட நடந்து வந்தே."

"வேற என்ன பண்ணுவேன்? நான் உக்காந்து திங்கற சோறு அது."

"என் தம்பி விஷயத்தை நீதான் சொன்னே."

"சொன்னேன்." தேவம்மா புடவையைப் பிழிந்தாள், தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். "வீட்டுல சொன்னேன். என் சிநேகிதியோட தம்பி மேட்டூர் டேம்ல இருக்கான், பெரிய இடம்னு. நீங்க எனக்குப் பெருமையாச் சொன்னீங்க, நானும் பெருமையாத்தான் சொன்னேன். அவன் முதலாளிகிட்ட எப்படிச் சொன்னான், ஏன் சொன்னான், எனக்குத் தெரியாதுக்கா. கேட்டேன். பேச்சுல வந்துச்சுங்கறான். உண்மையோ பொய்யோ. பெத்த புள்ளையை அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?"

கமலம்மாள் அவள் கண்ணையே பார்த்தாள். போன டிசம்பரிலிருந்து எத்தனையோ முகங்களை இப்படிப் பார்த்துப் பழகியவள். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். இந்த முகத்தில் ஒன்றும் அவளால் படிக்க முடியவில்லை. கரியப்பன் முகத்தையும் எத்தனை வாரம் படித்தாள்! படித்ததெல்லாம் தப்பாகத்தானே போயிற்று?

"காபி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் தேவம்மா.

"வேண்டாம்" என்று படியிறங்கினாள் கமலம்மாள். இறங்கியவள், தெருவில் பத்தடி போனபின் நின்றாள். திரும்பி வந்து, குடித்துவிட்டே போனாள்.

நடைக்கு வருகிற கூட்டம் அதன்பின் பாதியாகக் குறைந்தது. மாரிசாமியோடு நடக்கப் பயந்து சிலர் நின்றார்கள். போலீஸ் வந்த இடம் என்று சிலர் நின்றார்கள். ஆனால் நின்றவர்களுக்குப் பதிலாக, ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த சில குடியானவர்கள் விஷயம் கேள்விப்பட்டுத் தாங்களாகவே வந்தார்கள். தாலூகா ஆபீசில் பசவராஜ் பேசினால் உட்காரச் சொல்லிக் காக்கவைத்த அதிகாரி, குடியானவர்கள் கூட்டமாகப் போய் நின்றதும் சர்வேயரை அனுப்பினார். சங்கிலி போட்டு அளந்ததில், கால்வாய் அரசாங்க நிலம் என்று ஊர்ஜிதமாயிற்று. மூடிய இடத்தை வெட்டித் திறந்தார்கள். முழுதும் அல்ல. இரண்டு மனைகளில் அதற்குள் அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள் என்று அந்த இடத்தில் மட்டும் குழாய் பதித்து விட்டுவிட்டார்கள். குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அடைத்தால் நடைக்குப் போனவர்களே மூங்கில் கழியால் குத்தி எடுத்தார்கள். ஐப்பசி மழைக்கு ஏரி பாதிக்கு மேல் நிரம்பியது. முழுக்க நிரம்பியிருக்க வேண்டும் என்று பசவராஜ் மட்டும் மனசாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேவம்மா தொடர்ந்து வந்தாள். மகன் வேறு முதலாளியிடம் போய்விட்டதாகச் சொன்னாள். கமலம்மாள் அதை ஒருதரம் போய் விசாரித்தாள், உண்மைதான். மனசு கேட்காமல் போனானா, அம்மா கேட்ட கேள்வியில் போனானா, இல்லை அங்கே மண் அடிக்கிற வேலை தீர்ந்துபோனதால் போனானா என்பது தெரியவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவரைக்காய் விலை பேசினார்கள், கால் வலி பேசினார்கள், சினிமா பேசினார்கள். வீட்டு மனிதர்களைப் பற்றி மட்டும் கமலம்மாள் வாயைத் திறக்கவில்லை. தேவம்மாவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு கரையில் வழுக்கி, தேவம்மா கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். கமலம்மாள்தான் அவளுக்குத் தோள் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தாள். அவள் பாரம் முழுதும் இவள் மேல் சாய்ந்திருந்தது.

"என்மேல இன்னும் சந்தேகமாக்கா?" என்று தேவம்மா வழியில் கேட்டாள்.

இல்லை என்று சொல்லக் கமலம்மாளுக்கு வாய் வந்தது. சொன்னால் அது பொய்யாக இருக்கும்.

"கொஞ்சம் இருக்கு" என்றாள். "நீ நல்லாப் பிடிச்சுக்க, பள்ளம் வருது."

தேவம்மா பிடியை இறுக்கிக்கொண்டாள். இருவரும் பள்ளத்தை மெல்லத் தாண்டினார்கள்.